கதவு நிலவில் கட்டெறும்பு: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எறும்புக் கடிதமாகவே வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் கேட்டிருந்த பெயின்ட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க எறும்புக்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: வணக்கம் அண்ணா. எங்களுடையது அப்பாரு காலத்துத் தொட்டிக்கட்டு வீடு. பத்து வருடம் முன்பு பொடக்காளிப் (புழக்கடைப்) பக்கம் ஒரு பாத்ரூம் சேர்த்துக் கட்டினோம். அந்தக் கதவு நிலவுக்கு (நிலைச்சட்டத்துக்கு) அடியில் தினமும் காலையில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது, கூட்டித் தள்ளினால் மறுநாள் மறுபடியும் கிடக்கிறது. ராத்திரி லைட்டைப் போட்டால் பெரிய பெரிய கட்டெறும்பாகச் சுவரோரம் போகிறது. அத்தை செல் (கரையான்) பிடித்துவிட்டது என்கிறார். வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றினார், ஸ்ப்ரே அடித்தார், இரண்டு நாள் காணாமல் போய் மூன்றாம் நாள் வந்துவிட்டது. கட்டெறும்பு மரத்தைத் தின்னுமா? மேலே விட்டத்துக்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்)

ப: பயப்பட வேண்டாம் அம்மணி. அத்தை அப்படி நினைத்ததிலும் தப்பில்லை, நம் பக்கம் மரம் கெட்டால் முதலில் வாயில் வருவது செல்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கட்டெறும்பு வேலை. நான் சொல்கிறேன் என்று விட்டுவிடாமல் நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கப்போகும் முன் நிலவுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள், காலையில் அதை அப்படியே தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கட்டெறும்பு தள்ளிய தூள் என்றால் ரம்பத்தூளைவிடப் பருவெட்டாக, நார் நாராக இருக்கும், கூடவே கரப்பான் கால், ஈ இறக்கை, செத்த எறும்பின் தலை, காரைத் துணுக்கு எல்லாம் கலந்து கிடக்கும், ஏனென்றால் அது அந்தக் கூட்டை எறும்புகள் சுத்தம் செய்து வெளியே கொட்டிய குப்பை. செல் என்றால் இப்படித் தூளே விழாது. அது மரத்தைத் தின்றுவிட்டு உள்ளே மண்ணை அப்பி வைக்கும், வெளியே சுவரில் மண் கோடு ஓடும். சன்னமாக மைதா மாவு மாதிரி கொட்டி, மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தால் அது உளு, அதாவது மரத்தைத் துளைக்கிற குட்டி வண்டு. கசகசா மாதிரி, ஒரே அளவில் குருணை குருணையாக விழுந்தால் அது காய்ந்த மரத்திலேயே குடியிருக்கும் இன்னொரு வகைச் செல், அதற்கு மண்ணும் வேண்டாம் ஈரமும் வேண்டாம், அதன் வைத்தியம் முற்றிலும் வேறு. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து வாங்கினால் காசுதான் போகும்.

இனி உங்கள் கேள்வி. கட்டெறும்பு மரத்தைத் தின்னாது. மரம் அதற்கு வீடு மட்டுமே, சாப்பாடு வெளியே இருந்துதான் வர வேண்டும்: சர்க்கரை, பழம், செத்த பூச்சி, எல்லாவற்றுக்கும் மேலாகச் செடிகளில் உள்ள அசுவினியும் மாவுப்பூச்சியும் விடுகிற இனிப்பு நீர். தின்னாவிட்டாலும் குடைந்து குடைந்து தூளை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் நாளாக ஆக மரம் கூடாகிவிடும். கட்டெறும்பு இனத்துக்கு அறிவியலில் கேம்போனோட்டஸ் என்று பெயர், உலகம் முழுவதும் 1,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம் ஊரில் அதிகம் பார்க்கிற பெரிய கருப்புக் கட்டெறும்பு பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் கூடு வைக்கும். வீட்டு மரத்துக்குள் வந்து குடியேறுகிறது என்றால் அந்த மரம் ஏற்கனவே ஈரம் ஏறி இற்றுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆகிவிடும், அந்த மெத்தென்ற இடத்தைத்தான் அது தேடி வருகிறது. முட்டையும் குஞ்சுப்புழுவும் காயாமல் இருக்க அதற்கு ஈரக்கசிவுள்ள இடம் வேண்டும். நல்லபடியாகக் காய்ந்து கிடக்கிற தேக்கு விட்டத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் உங்கள் விட்டத்தைப் பற்றிய பயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், ஓடு உடைந்து மழைநீர் சொட்டுகிற இடம் ஏதாவது இருந்தால் அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பவானியில் ஒரு வீட்டில் இதே மாதிரி பாத்ரூம் நிலவை ஆசாரியோடு சேர்ந்து பிரித்தேன். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பொக்குப் பொக்கென்று சத்தம். ஆசாரி உளியை வைத்து ஒரு தட்டுதான் தட்டினார், முறுக்கை ஒடித்த மாதிரி ஒரு சில்லு கழன்று விழுந்தது. உள்ளே மண் கிடையாது, அழுக்குக் கிடையாது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வழவழவென்று அறை அறையாக இருந்தது. மரத்தில் ரேகை ஓடுகிறதல்லவா, அதில் மெதுவான பகுதியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுக் கெட்டியான பகுதியை மெல்லிய தகடு தகடாக நிற்க விட்டிருந்தன, ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு நம்மால் இவ்வளவு சுத்தமாக இழைக்க முடியாது என்றார். அடுத்த நொடி அரிசியைவிடப் பெரிய வெள்ளை வெள்ளையான உருண்டைகளைக் கவ்விக்கொண்டு எறும்புகள் நாலாபக்கமும் ஓடின. அதை எல்லோரும் முட்டை என்போம், உண்மையில் அவை கூட்டுப்புழுக்கள், நிஜமான முட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னது. அந்த நிலவின் அடிப்பகுதி நேரடியாகச் சிமென்ட் தரைக்குள் புதைந்திருந்தது. குளிக்கிற தண்ணீரைப் பத்து வருடமாகத் திரி எண்ணெய் இழுப்பது போல் மரத்தின் வெட்டுமுகம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தரையோரம் பாருங்கள்.

ஸ்ப்ரே ஏன் வேலை செய்யவில்லை என்றால், சுவரில் வரிசையாகப் போகிறவை இரை தேடப் போகிற கொஞ்சம் வேலைக்கார எறும்புகள் மட்டும்தான். ராணியும் புழுவும் மற்ற எறும்புகளும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வெளியே போனவை செத்தால் உள்ளே இருந்து அடுத்த வரிசை வரும். இன்னொன்று, ஒரே கூட்டத்துக்குத் தாய்க்கூடு ஒன்றும் கிளைக்கூடு இரண்டு மூன்றும் இருப்பது வழக்கம், தாய்க்கூடு ஈரமான இடத்திலும் கிளைக்கூடுகள் கொஞ்சம் காய்ந்த இடத்திலும் இருக்கும். ஓரிடத்தில் தொல்லை கொடுத்தால் பொட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது, பாத்ரூம் ஜன்னலில் மருந்தடித்து ஒழித்துவிட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன், ஒரு மாதம் கழித்து அட்டாலியில் இருந்த பழைய மரப்பெட்டிக்குள் மொத்தக் கூட்டமும் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள், அந்த நிலவையொட்டி ஹீட்டர் சுவிட்ச் இருந்தால் நெருப்புக்கு வழி செய்த மாதிரி ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கூடு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு மூடியில் நாட்டுச்சர்க்கரைக் கரைசல் நாலு சொட்டு விட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு (உங்களுக்குக் கவுந்தப்பாடி பக்கம்தானே, சர்க்கரைக்குப் பஞ்சமில்லை), ஒரு ஸ்டூலைப் போட்டுப் பொறுமையாக உட்காருங்கள். குடித்து வயிறு பருத்துத் திரும்புகிற எறும்பின் பின்னால் டார்ச்சோடு போனால் எந்த இடுக்கில் நுழைகிறது என்று அதுவே காட்டிவிடும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. நிலவுக்குள்தான் போகிறது என்றால் ஒரு டம்ளரை மரத்தில் கவிழ்த்துக் காதை வைத்துக்கொண்டு விரலால் தட்டுங்கள், காய்ந்த சருகு நொறுங்குகிற மாதிரி உள்ளே ஒரு சலசலப்புக் கேட்கும்.

அப்புறம் இரை மருந்து வைக்க வேண்டும், அதன் அளவைத் திருப்பூர் வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். மூன்று வாரம் அதை வைத்து நடமாட்டம் நின்ற பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு, இற்றுப்போன அடிப்பகுதியை நல்ல மரம் தட்டுப்படும் வரை அறுத்து எடுத்துவிட்டு ஒட்டுப்போடச் சொல்லுங்கள். ஒட்டுத் துண்டுக்கு அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கிரானைட் துண்டு வைத்து, மரம் தரையைத் தொடாமல் நிற்கும்படி செய்ய வேண்டும். தரை வாட்டம் நிலவுப் பக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், அதைச் செய்யாமல் மரத்தை மட்டும் மாற்றினால் நான்கைந்து வருடத்தில் எனக்கு மறுபடியும் கடிதம் எழுதுவீர்கள்.

கே: திருப்பூரில் காம்பவுண்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை சிங்க்குக்கு அடியில் பிளைவுட் அலமாரி. அதன் முதுகுப்பலகைக்குப் பின்னால் இருந்து கட்டெறும்பு வருகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதால் மருந்து வைக்கப் பயம். சந்தையில் எறும்புப் பவுடர் என்று பொட்டலமாக விற்கிறார்கள், அதைத் தூவலாமா? வீட்டு ஓனர் எறும்புக்கெல்லாம் என்னால் செலவு செய்ய முடியாது என்கிறார். (ஒரு வாசகர், திருப்பூர்)

ப: பெயரில்லாத பொட்டலப் பவுடரைத் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் தம்பி. நான் சின்ன வயதில் பார்த்த எறும்புப் பவுடர் பி.எச்.சி. என்கிற பூச்சிக்கொல்லி, அதை நாட்டில் 1997-லேயே தடை செய்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் எறும்புக்கு என்று நிறைய ஓடியது மெத்தில் பாரத்தியான் தூள், அதற்கும் 2018-ல் தடை வந்துவிட்டது. இன்றைக்குப் பொட்டலத்தில் கட்டி விற்பது என்ன என்று விற்கிறவருக்கே தெரிந்திருக்காது. தவழ்ந்து போய்க் கண்டதை எடுத்து வாயில் வைக்கிற வயதில் குழந்தையை வைத்துக்கொண்டு தரையில் தூள் தூவுவது என்ற பேச்சே வேண்டாம். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து வீட்டுக்குள் அடிக்கிற வழக்கமும் சிலருக்கு இருக்கிறது, அதுவும் கூடவே கூடாது.

இரை மருந்துதான் சரியான வழி, அதையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க முடியும். மருந்துக்கடையில் போரிக் ஆசிட் பவுடர் கேட்டு வாங்குங்கள். 100 மில்லி வெந்நீரில் சர்க்கரை இரண்டு டீஸ்பூன், போரிக் ஆசிட் ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூன் மட்டும் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். கூடப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைத்துக் கையை நீட்டிவிடாதீர்கள், மருந்து அதிகமானால் ஒன்று எறும்பு தொடாது, இல்லையென்றால் கூட்டுக்குப் போவதற்கு முன் வழியிலேயே செத்துவிடும். குடித்த எறும்பு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்து வாயிலிருந்து மற்றவற்றுக்கும் புழுக்களுக்கும் ராணிக்கும் ஊட்ட வேண்டும், அந்த ஒரு சதவீதக் கரைசல் மெதுவாக வேலை செய்வதே நமக்கு லாபம். பஞ்சை அதில் நனைத்து ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள் வைத்து, மூடியைத் திருகிவிட்டு, பக்கவாட்டில் எறும்பு நுழைகிற அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டை போட்டு, சிங்க்குக்கு அடியில் குழாய்க்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அலமாரிக் கதவுக்கு ஒரு கொண்டி போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும், காய்ந்துபோனால் எறும்பு சீண்டாது. முதல் இரண்டு நாள் எறும்பு முன்பைவிட அதிகமாக மொய்க்கும், அப்போது மனது கேட்காமல் யாராவது ஸ்ப்ரே எடுத்துவிடுவார்கள், அதை மட்டும் தடுத்துவிடுங்கள், ஸ்ப்ரே வாடை பட்ட இடத்துக்கு எறும்பு வராது, வைத்த இரையும் வீண். இனிப்பைத் தொடாமல் போனால் அந்தச் சமயத்தில் அதற்குப் புழுக்களுக்கான தீனி தேவைப்படுகிறது என்று அர்த்தம், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவில் மிளகளவு எடுத்து அதே ஒரு சதவீதக் கணக்கில் மருந்து கலந்து பாருங்கள்.

கலக்கிய டம்ளரையும் ஸ்பூனையும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். மீதியைப் பாட்டிலில் ஊற்றினால் விஷம் என்று எழுதி உயரத்தில் வையுங்கள், சர்க்கரைத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்கூட உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையில் இறங்காமல், மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஓனர் விஷயத்தில் எறும்பு என்று பேசினால் அவர் காது கொடுக்க மாட்டார். சிங்க் கழிவுக்குழாயின் மூட்டில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள், காலையில் நனைந்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தண்ணீர் ஒழுகிப் பலகை ஊறுகிறது, இப்படியே விட்டால் மொத்த அலமாரியும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னால் அது அவர் சொத்து, கட்டாயம் பிளம்பரை அனுப்புவார். ஒரு வாஷரோடு முடிகிற வேலையாகத்தான் இருக்கும்.

கே: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள் சாளை (தோட்டத்து வீடு). ஒரு ஏழெட்டு வருடமாகத்தான் இந்தக் கட்டெறும்புத் தொல்லை, அதற்கு முன் இவ்வளவு பார்த்ததில்லை. மரத்திலிருந்து ஓட்டுக்கு, ஓட்டிலிருந்து வீட்டுக்குள். என்ன காரணமுங்க? (ஒரு விவசாயி, ஆனைமலை வட்டாரம்)

ப: ஐயா, உங்கள் தென்னை மட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுருள் சுருளாக மாவு ஒட்டியிருந்தால் காரணம் அதுதான். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று சொல்கிறார்களே, இந்தியாவில் அதை முதன்முதலாகக் கண்டுபிடித்ததே 2016-ல் உங்கள் பொள்ளாச்சியில்தான். அது சாறை உறிஞ்சிவிட்டு இனிப்பு நீரைச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும், அந்தப் பிசுக்கில்தான் கீழ் மட்டையெல்லாம் கரி பூசியது போல் கரும்பூஞ்சை படர்கிறது. கட்டெறும்புக்கு அது தீபாவளிப் பலகாரம். நீங்கள் சொல்கிற ஏழெட்டு வருடக் கணக்கும் இதற்குச் சரியாகவே பொருந்துகிறது.

எறும்புக்கு மருந்து வைப்பதைவிடத் தோப்பிலிருந்து வீட்டுக்குப் பாலம் போடுகிறவற்றை வெட்டிவிடுவது முதல் வேலை. ஓட்டைத் தொடுகிற மட்டையைக் கழித்துவிடுங்கள், துணி காயப்போடும் கம்பியை மரத்தில் கட்டியிருந்தால் அவிழ்த்துத் தனிக் கம்பத்தில் கட்டுங்கள், சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிற விறகையும் மட்டைக் குவியலையும் கட்டுத்தரைப் பக்கம் தள்ளிப் போடுங்கள், அதற்குள் ஒரு கிளைக்கூடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெள்ளை ஈக்குத் தோப்பு முழுக்கக் கடுமையான மருந்தடிக்க வேண்டாம் என்றுதான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தாரும் சொல்கிறார்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி, மட்டையின் அடிப்பக்கம் படும்படி விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, என்கார்சியா என்கிற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றுவது என்று போனால் போதும். நம் ஊருக்கு இந்த வழி புதிதல்ல. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எல்லாவற்றையும் காலி செய்தபோது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதானே அது அடங்கியது. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

கே: என் மகன் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் மர வீடு வாங்கியிருக்கிறான். சுவருக்குள் கார்பென்டர் ஆன்ட் என்று வேலைக்காரர்கள் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்களாம். எறும்புக்குப் போய் இவ்வளவா? ஏமாற்றுகிறார்களா? (ஒரு வாசகர், பெருந்துறை)

ப: அந்த ஊரில் இது விளையாட்டு விஷயம் இல்லைங்க. நமக்குச் சுவர் செங்கல், கெடுவது ஒரு நிலவுக்காலோ ஒரு ஜன்னல் சட்டமோதான். அங்கே சுவரின் எலும்பே மரம், அதற்கு மேல் பலகை, இடையில் குளிருக்காகப் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருப்பார்கள், எறும்பு அந்த அடைப்பையும் குடையும். சியாட்டில் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதி மழையும் ஊசியிலை மரமும் நிறைந்தது, வீட்டு மரத்தைக் கெடுக்கிற பூச்சிகளில் அங்கே கட்டெறும்புக்கு முக்கியமான இடம் உண்டு. தாய்க்கூடு பெரும்பாலும் வெளியே ஏதாவது ஒரு பட்டுப்போன அடிமரத்தில் இருக்கும், நூறு கெஜம் தாண்டிக்கூட இரை தேடி வரும்.

ஆனால் ஒரு கூடு முழு வளர்ச்சி அடைந்து இறக்கை முளைத்த எறும்புகளை வெளியே விடவே மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், அதனால் இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. மகனிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: கூடு எந்த இடத்தில் என்று பார்த்தார்களா, அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெளியே தாய்க்கூட்டைத் தேடினார்களா. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் வீட்டைச் சுற்றி மருந்தடிப்பதற்கு மட்டும் விலை சொல்கிறவரை விட்டுவிட்டு, லைசென்ஸ் உள்ள இன்னும் இரண்டு பேரிடம் எழுத்தில் விலை வாங்கட்டும். கூரையின் மழைநீர்க் குழாய், ஜன்னல் ஓரம், வெளியே போட்டிருக்கும் மரத்தளம் வீட்டோடு சேர்கிற இடம், இந்த மூன்றையும் அவனே ஒரு மழை நாளில் பார்க்கலாம். வீட்டு இன்சூரன்ஸில் பூச்சி அரித்த சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கணப்புக்கு வாங்குகிற விறகைச் சுவரோரம் அடுக்கியிருந்தால் முதலில் அதை அகற்றச் சொல்லுங்கள்.

கே: மழை விட்ட சாயங்காலம் வீட்டுக்குள் இறக்கை முளைத்த பூச்சிகள். ஈசலா, எறும்பா எப்படித் தெரிந்துகொள்வது? (ஒரு வாசகி, தாராபுரம்)

ப: ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தட்டில் போடுங்கள். இடுப்பு ஒடுங்கி, முன் இறக்கை நீளமாகவும் பின் இறக்கை குட்டையாகவும், மீசை முழங்கை மாதிரி மடிந்தும் இருந்தால் எறும்பு. இடுப்பே தெரியாமல் ஒரே தடிமனாக, நான்கு இறக்கையும் ஒரே நீளத்தில், மீசை மணி கோத்தது போல் நேராக இருந்தால் ஈசல், அதாவது செல்லின் இறக்கை முளைத்த பருவம். விளக்கைத் தேடி ஜன்னல் வழியாக வந்தது என்றால் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் சுவர் இடுக்கிலிருந்தோ நிலவிலிருந்தோ கிளம்பி வந்தால், எதுவாக இருந்தாலும் கூடு உள்ளேதான், உடனே கவனியுங்கள்.

கே: எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) எறும்புப் புற்றுக்கு நொய்யரிசி போடுவார். அவர் இருக்கும்போது மருந்து வைத்தால் பாவம் என்று கண் கலங்குகிறார். என்ன செய்வது? (ஒரு வாசகர், சென்னிமலை)

ப: அமுச்சி சொல்வதைக் கேளுங்கள் கண்ணு. வேலியோரப் புற்றில் இருக்கிற கட்டெறும்பு உங்களை ஒன்றும் செய்யப்போவதில்லை, செத்த பூச்சியை இழுத்துப்போய், மண்ணைக் குடைந்து காற்றோட்டம் கொடுத்துத் தன்பாட்டுக்கு இருக்கிறது. அதைத் தேடிப்போய் வெந்நீர் ஊற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டு மரத்துக்குள் இருப்பதற்கும் முதலில் ஒழுகுகிற இடத்தை அடைத்து மரத்தைக் காயவிட்டுப் பாருங்கள், ஈரம் போய்விட்டால் சில கூட்டங்கள் தானாகவே இடம் மாறிவிடும். ஒரு மாதம் கழித்தும் தூள் கொட்டினால் அப்போது அமுச்சியிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு இரை வையுங்கள், நிலவு விழுந்து யாருக்காவது அடிபடுவதை அவரும் விரும்பமாட்டார்.

கே: மூலனூர் பக்கம் எங்கள் கொட்டகைக் கைமரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டுப் பெரிய கருவண்டு ஒன்று போய் வருகிறது. இதுவும் மரத்தைக் கெடுக்குமா? (ஒரு விவசாயி)

ப: அது வண்டு இல்லை, தச்சுத் தேனீ. ஒரு கைமரத்தில் ஒன்றிரண்டு ஓட்டையால் கொட்டகை விழாது. உங்கள் பக்கம் முருங்கைதானே வெள்ளாமை, முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் இந்தத் தேனீக்குப் பெரிய பங்கு உண்டு. விட்டுவிடுங்கள், கூடவே இரண்டு மூங்கில் துண்டைக் கொட்டகையோரம் கட்டித் தொங்கவிட்டால் அதிலும் குடியேறும். கைமரத்துக்கு எண்ணெயோ பெயின்ட்டோ அடித்து வைத்தால் புதிதாக ஓட்டை போட அவ்வளவாக வராது.

கே: புது வீடு கட்டுகிறோம். எறும்பும் செல்லும் வராமல் இருக்க நிலவுக்கு என்ன மரம் போடலாம்? (ஒரு வாசகர், அவிநாசி)

ப: தலைவாசலுக்குத் தேக்கு, உள் நிலவுகளுக்கு முற்றின வேம்பு, இது நம் பக்கத்தில் காலகாலமாக இருக்கிற வழக்கம், அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக எடுங்கள், ஓரத்து வெள்ளைப் பகுதி கலந்திருந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அறுத்த மரத்தை நிழலில் அடுக்கிச் சில மாதமாவது காயவிட வேண்டும். பாத்ரூமுக்கு மரமே வேண்டாம், கிரானைட் நிலவும் பி.வி.சி. கதவும் போட்டுவிடுங்கள், அந்த ஒரு இடத்தில் மரத்தின் மேல் ஆசை வைத்துத்தான் எனக்கு வருகிற கடிதங்களில் பல எழுதப்படுகின்றன. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து மரத்தின் எல்லாப் பக்கமும், முக்கியமாக மேலும் கீழும் உள்ள வெட்டுமுகத்தில் இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள். அது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது, அதனால் மேலே பெயின்ட்டோ வார்னிஷோ கட்டாயம் வேண்டும்.

நிலவின் அடியில் கல் வைக்க வேண்டும் என்பதை ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். நல்ல நாள் பார்த்து, பூஜை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து நிலவை நிறுத்திவிட்ட பிறகு அடியில் இரண்டு அங்குலம் அறுக்கலாமா என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் மனது வராது.